ஃப்ரீரெனின் தேர்வுக் களம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 மார்ச் 22ஆம் தேதி 28ஆவது எபிசோடுடன் நிறைவடைந்த ‘ஃப்ரீரென்’ என்ற ஜப்பானிய அனிமேயின் முதல் சீசனை முழுவதும் பார்த்துவிட்டேன். முதல் பாதி என்னை வெகுவாகப் பாதித்தது. இறந்துபோன ஒருவரை அவர் போன பிறகு புரிந்துகொள்ள முயலும் ஒருத்தியின் கதையாக அது நிதானமாக நகர்ந்தது. ஆனால் முதல்நிலை மந்திரவாதித் தேர்வு தொடங்கியதும், சிறுவர்களுக்கான எல்லா ‘ஷோனென்’ தொடர்களிலும் வருகிற போட்டிக் களமாக அது மாறிவிட்டது. புதிய பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, சண்டைகள் நீண்டன, இறந்துபோன அந்த வீரன் ஹிம்மெல் காணாமல் போய்விட்டான். இன்னொரு நெருடலும் உண்டு. இவ்வளவு நுட்பமான தொடர், அரக்கர்களை மட்டும் மனச்சாட்சியே இல்லாத இனமாகக் காட்டுவது எளிய தீர்ப்பு அல்லவா? இவை பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். இதன் மூலமான மாங்காவை (படக்கதையை) படிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதல் பாதியைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நிப்பான் தொலைக்காட்சி, வெள்ளிக்கிழமை இரவுகளில் திரைப்படங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் நேரத்தில், 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நான்கு எபிசோடுகளைச் சேர்த்து இரண்டு மணிநேரச் சிறப்பு ஒளிபரப்பாக வெளியிட்டது. அந்த முடிவு இந்தத் தொடருக்குப் பெரும் நன்மை செய்தது என்றே நினைக்கிறேன். ஏனெனில் அரக்கர் வேந்தனை வென்று திரும்பும் நால்வரின் ஊர்வலம், ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் எரிநட்சத்திர மழை, முதுமையடைந்த ஹிம்மெலின் மரணம், அவன் அடக்கத்தின்போது எல்ஃப் இனத்து மந்திரவாதியான ஃப்ரீரெனுக்குத் திடீரெனப் பொங்கும் அழுகை, பிறகு ஃபெர்ன் என்னும் போர் அநாதைச் சிறுமியின் வருகை, இறுதியாகப் புத்தாண்டின் முதல் சூரியோதயம் என அந்த நான்கும் சேர்ந்தே ஒரு முழுமையான கூற்றாக நிற்கின்றன. பத்து ஆண்டுகள் உடன் பயணித்த ஒருவனைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருத்தி அவன் சவப்பெட்டியின் அருகில் நின்று உணர்கிறாள். தொடரின் கேள்வி அங்கேயே வைக்கப்பட்டுவிடுகிறது: ஒருவரை அறிவது என்றால் என்ன, அதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?

தேர்வுப் பகுதி இந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டது என்பது உங்கள் குற்றச்சாட்டு. நான் இங்கே உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். அந்தக் கேள்விக்கு இந்த சீசன் தரும் மிகத் துல்லியமான பதில் தேர்வின் இரண்டாம் கட்டத்தில்தான், 26ஆவது எபிசோடில், நீங்கள் வெறும் சண்டையாகப் பார்த்த அந்த மோதலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நிகழ்வை நினைவுபடுத்திக்கொள்வோம். மன்னர் கல்லறையின் அடித்தளத்தில், உள்ளே வருபவர்களின் உருவத்தையும் ஆற்றலையும் அப்படியே நகலெடுக்கும் ஒரு மாயப்பொருள் இருக்கிறது. ஃப்ரீரெனின் நகலை எவராலும் வெல்ல முடியாது. அப்போது அவள் சீடரான ஃபெர்ன், தன்னால் ஃப்ரீரெனைக் கொல்ல முடியலாம் என்கிறாள். மந்திரத்தைச் செலுத்தும் கணத்தில் ஃப்ரீரெனின் மாயசக்தியை உணரும் திறன் ஒரு நொடி அறுந்துபோகிறது என்பதை அவள் கவனித்திருக்கிறாள். தொடக்க நிலை மாணவர்கள் செய்யும் பிழை அது. அரக்கர்களை ஆயிரக்கணக்கில் அழித்த ஒருத்தியிடம் அந்தப் பிழை இருப்பதை அவளோடு வருடக்கணக்கில் நடந்து, சமைத்து, காலையில் அவளை எழுப்பி, தலைவாரிவிட்ட ஒரு பெண்ணால்தான் காண முடிகிறது. ஹிம்மெலின் கல்லறையில் நின்று, ‘நான் ஏன் அவனை அறிய முயலவில்லை’ என்று அழுதவள், தன்னை இவ்வளவு நெருக்கமாக அறிந்துவைத்திருக்கும் ஒரு மனித உயிரை, தன்னை அறியாமலேயே, இடைப்பட்ட காலத்தில் வளர்த்திருக்கிறாள். அந்தச் சண்டையின் ஒவ்வொரு நகர்வும் இந்த அறிதலிலிருந்து பிறக்கிறது. முதல் பாதியின் துக்கத்துக்குக் கிடைத்த விடையாகவே நான் அதைப் பார்த்தேன். பார்த்தபோது மனம் நெகிழ்ந்தது.

ஹிம்மெல் காணாமல் போய்விட்டான் என்கிறீர்கள். அவன் குறைவாக வருகிறான் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தொடரில் ஒருவர் இருப்பதற்குக் காட்சியில் தோன்ற வேண்டிய அவசியமில்லை. அதை முதல் பாதியே நமக்குப் பழக்கியிருக்கிறது. மூன்றாம் கட்டத்தில், தேர்வாளரான செரியே ஃப்ரீரெனிடம் அவளுக்கு மிகவும் பிடித்த மந்திரம் எது என்று கேட்கிறாள். பூக்களின் வயலை உருவாக்கும் மந்திரம் என்று ஃப்ரீரென் விடையளிக்கிறாள். செரியேயின் சீடரும் ஃப்ரீரெனின் குருவுமான ஃப்ளாம்மே கற்பித்த மந்திரம் அது. போரில் அதனால் எந்தப் பயனும் இல்லை. அற்பமான மந்திரம் என்று சொல்லி, செரியே அவளைத் தோல்வியடையச் செய்கிறாள். ஆனால் காட்டில் வழிதவறிய சிறுவனாக இருந்தபோது ஹிம்மெல் கண்ட மந்திரமும் அதுவே. அந்தப் பூக்களின் நினைவால்தான் அவன் பின்னாளில் ஃப்ரீரெனைத் தேடி வந்து தன் குழுவுக்கு அழைத்தான். அந்தப் பயனற்ற மந்திரம் இல்லையென்றால் பத்தாண்டுப் பயணம் இல்லை, அரக்கர் வேந்தனின் வீழ்ச்சியும் இல்லை. உலகின் தலைசிறந்த மந்திரவாதியை ஒரு தேர்வில் தோற்க வைத்து, அந்தத் தோல்வியின் வழியாக அவள் யாருடைய மரபில் வந்தவள் என்பதைக் காட்டுகிற துணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரும்பாலான தொடர்களில் நாயகி அந்தத் தேர்வில் முதலிடம் பெற்றிருப்பாள்.

இதே இழையில்தான் ஃபெர்னின் வெற்றியும் வருகிறது. தன் மாயசக்தியை அடக்கி மறைத்துவைத்திருக்கும் செரியேயிடம், அது சற்றே அலைவதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறாள் ஃபெர்ன். தன் சீடராகும்படி செரியே அழைக்கும்போது மறுத்துவிடுகிறாள்; அதற்குப் பிறகும் தேர்ச்சி பெறுகிறாள். பரிசாக எந்த மந்திரத்தையும் கேட்கலாம் என்ற உரிமை கிடைத்ததும், துணியின் அழுக்கை நீக்கும் மந்திரத்தைக் கேட்டு வாங்கி வருகிறாள். சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் பூ மந்திரத்தை நேசித்த குருவின் குருவையும், பயனற்ற சிறு மந்திரங்களுக்காக ஊர் ஊராக வேலை செய்த ஃப்ரீரெனையும் எண்ணிப் பார்த்தால், வேறு எதையும் ஃபெர்ன் கேட்டிருக்க முடியாது என்பது புரியும். செரியேயையும் இரக்கமற்ற ஆசிரியராக மட்டும் இந்த சீசன் விட்டுவிடவில்லை. மண்ணோடு மறைந்துபோன தன் சீடர்கள் ஒவ்வொருவரும் நேசித்த மந்திரம் எது என்பதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்று கடைசி எபிசோடு நமக்குச் சொல்கிறது.

முதியவரான டெங்கெனை நீங்கள் புதிய பெயர்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டீர்களோ என்று எனக்கு ஐயம். அரசவை மந்திரவாதி, தந்திரங்களில் ஊறியவர். அத்தனை வயதில் அவர் எதற்காக இந்தத் தேர்வுக்கு வந்திருக்கிறார்? வடக்கே, முதல்நிலை மந்திரவாதி உடன் இல்லாமல் நுழைய முடியாத நிலப்பகுதியில் அவருடைய மனைவியின் கல்லறை இருக்கிறது. அதைக் காண அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ஹிம்மெலின் ஆன்மாவைச் சந்திக்கச் செல்லும் ஃப்ரீரெனும் அதே காரணத்துக்காக, அதே வழியில் நிற்கிறாள். இருவரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. பேசவைத்திருந்தால் அது கெட்டுப்போயிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் மனத்தாங்கலுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. மாங்காவில் சண்டைகள் மிகச் சுருக்கமானவை; கதாசிரியர் கனேஹிதோ யமாடாவும் ஓவியர் ட்சுகாசா அபேயும் பல மோதல்களைச் சில கட்டங்களில் முடித்துவிட்டு, அதன் பிறகான மௌனத்துக்கே பக்கங்களை ஒதுக்குகிறார்கள். மேட்ஹவுஸ் நிறுவனம் அவற்றை வெகுவாக விரித்திருக்கிறது. 9ஆவது எபிசோடில், உடன் பயணிக்கும் கோடரி வீரன் ஸ்டார்க் போரிடும் காட்சியும், நான் மேலே சொன்ன நகலுடனான மோதலும் திரையில்தான் அந்த அளவுக்கு வளர்ந்தன. அவற்றை வரைந்தவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இயக்குநர் கெய்ச்சிரோ சைட்டோவின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 15ஆவது எபிசோடில் ஸ்டார்க்கும் ஃபெர்னும் விருந்து மண்டபத்தில் ஆடும் நடனத்தில் கால்கள் தரையில் பதியும் விதம், கோபத்தில் ஃபெர்னின் கன்னம் லேசாக உப்புவது, எவன் கால் இசையமைத்த பின்னணி சட்டென நின்று காற்றின் ஓசை மட்டும் கேட்கும் கணங்கள் ஆகியவற்றில் அந்தப் பலம் தெரிகிறது. தேர்வுப் பகுதியில் இத்தகைய கணங்கள் குறைந்து, ஒவ்வொரு மந்திரமும் எவ்வாறு இயங்குகிறது என்று பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் உரையாடல்கள் பெருகிவிட்டன. முதல் கட்டத்தில் பறவையைப் பிடிக்கும் பகுதி ஓர் எபிசோடாவது கூடுதல் நீளம்.

அதைவிடப் பெரிய குறை ஸ்டார்க். மந்திரவாதி அல்லாத அவன் தேர்வில் கலந்துகொள்ள முடியாது என்பது கதையின் தர்க்கம்தான். என்றாலும், பயத்தில் கை நடுங்கிக்கொண்டே கோடரியைத் தூக்கும் அந்தப் பையன் ஏறக்குறையப் பத்து எபிசோடுகளுக்கு விளிம்பில் நிறுத்தப்படுவது, மூவரின் பயணமாக நாம் நேசித்த ஒன்றின் சமநிலையைக் குலைக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் பாதிரியார் சைனும் பிரிந்து சென்றிருந்தார். நீங்கள் உணர்ந்த வெறுமை ஹிம்மெல் இல்லாததால் வந்தது என்பதைவிட, ஸ்டார்க் இல்லாததால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரக்கர்களைப் பற்றிய உங்கள் கேள்வி கடினமானது. 7ஆவது எபிசோடில் வரும் அரக்கக் குழந்தையை நீங்கள் மனத்தில் வைத்திருப்பீர்கள் என எண்ணுகிறேன். கொல்லப்படும் தருவாயில் அது ‘அம்மா’ என்று அழைக்கிறது. ஹிம்மெல் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். பின்னர் அது, தன்னை அடைக்கலம் கொடுத்து வளர்த்த ஊர்த்தலைவரையே கொல்கிறது. அந்தச் சொல்லை ஏன் பயன்படுத்தினாய் என்று கேட்டால், அதைச் சொன்னால் மனிதர்கள் கை தயங்குகிறார்கள் என்பதே அதன் விடை. ஒரு முழு இனத்தை இப்படி வரையறுப்பது எனக்கும் சங்கடத்தைத் தருகிறது. நம் உலகில் மனிதக் கூட்டங்களைப் பற்றி இதே போன்ற தீர்ப்புகள் சொல்லப்பட்டதும் அவற்றின் விளைவுகளும் நமக்குத் தெரியும். இந்த சீசன் அந்தச் சங்கடத்தைப் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஔரா என்னும் அரக்கியின் முடிவை வெற்றிக்காட்சியாகக் கொண்டாடிய விதத்தில் இன்னும் சற்று நிதானம் இருந்திருக்கலாம்.

ஆனால் அதை எளிய தீர்ப்பு என்று சொல்லத் தயங்குகிறேன். அரக்கர்கள் ஃப்ரீரெனின் நிழலாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள். இருவருக்கும் ஆயுள் நீளம். இருவருக்கும் மனித உணர்வு எட்டாத ஒன்று. இருவரும் தங்கள் ஆற்றலைச் சேர்ப்பதற்கே வாழ்நாளைச் செலவிடுகிறார்கள். மாயசக்தியின் அளவையே பெருமையாகக் கருதும் அரக்கர்களை ஏமாற்றுவதற்காக, அதை வாழ்நாள் முழுவதும் மறைத்தே வாழும்படி ஃப்ளாம்மே கற்பித்ததும் அவள்தான் அவர்களை உள்ளிருந்து அறியக்கூடியவள் என்பதால்தான். அந்தக் குழந்தை ஒரு சொல்லின் பயனை மட்டும் அறிந்து, அதன் பொருளை அறிய விரும்பாமலேயே இறந்துபோகிறது. ஃப்ரீரெனோ, ஹிம்மெல் தன் விரலில் மோதிரம் அணிவித்ததற்கு என்ன பொருள் என்பதை அறியாமல், அந்த மோதிரத்தை எண்பது ஆண்டுகளாகப் பாதுகாத்து வந்திருக்கிறாள். தொலைந்துபோனதும் தேடி எடுக்கிறாள். தனக்குப் புரியாத ஒன்றை விரும்பிச் சுமப்பது அவளால் முடிகிறது, அவர்களால் முடியவில்லை. அரக்கர்கள் இல்லாவிட்டால் இந்த வேறுபாட்டை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

குவாலையும் இங்கே குறிப்பிட வேண்டும். மனிதர்களைக் கொல்லும் மந்திரத்தைக் கண்டுபிடித்த அந்த அரக்கனை முத்திரையிட்டு வைத்த 80 ஆண்டுகளில், மனிதர்கள் அதை ஆராய்ந்து, அதற்கான தடுப்பை உருவாக்கி, அதையே சாதாரணத் தாக்குதல் மந்திரமாக மாற்றிவிட்டார்கள். அவன் வெளியே வந்தபோது, தன் வாழ்நாள் சாதனை ஒரு பதின்வயதுப் பெண்ணால் எளிதில் தடுக்கப்படுவதைக் காண்கிறான். குறைந்த ஆயுள் கொண்டவர்கள் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வதால் அடையும் வேகம் அது. மூன்றாவது எபிசோடிலேயே சொல்லப்பட்ட இந்தக் கருத்தைத்தான் தேர்வுப் பகுதி செரியே, ஃப்ளாம்மே, ஃப்ரீரென், ஃபெர்ன் என்ற நான்கு தலைமுறைகளின் வழியாக விரித்துரைக்கிறது. எல்லோரும் மந்திரம் பயிலும் உலகை விரும்பிய ஃப்ளாம்மேயின் இறுதி விருப்பத்தை அன்று மறுத்த செரியேயே, இன்று மனிதர்களுக்குத் தேர்வு நடத்தும் சங்கத்தின் நிறுவனராக இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

மாங்காவைத் தாராளமாகப் படியுங்கள். ‘வாராந்திர ஷோனென் சண்டே’ இதழில் 2020 ஏப்ரலில் வெளிவரத் தொடங்கிய அது, 2021ஆம் ஆண்டுக்கான மாங்கா தைஷோ விருதைப் பெற்றது. இந்த சீசன் நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், முதல் அத்தியாயத்திலிருந்தே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாகத் தேர்வுப் பகுதியை. சண்டைகள் சுருங்கி, உங்களை உறுத்திய இரைச்சல் அடங்கிய நிலையில், டெங்கெனும் செரியேயும் அவள் சீடரான லெர்னெனும் உங்களுக்கு வேறுவிதமாகத் தெரியக்கூடும். படித்த பிறகும் உங்கள் கருத்து மாறவில்லை என்றால், எந்த அத்தியாயத்தில் கதை தன்னை இழக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அதை முன்வைத்து மேலும் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்