பாரிசவாத நோயாளருக்கு அசைவுப் பயிற்சி கொடுக்க ஒரு புதிய இயன்மருத்துவர் எதைப் பழக வேண்டும்?

கேட்டவர் கொழும்பில் படிப்பை முடித்து வன்னிக்கு வேலைக்கு வரப்போகிறார். சிகிச்சையாளர் கை வைத்து நோயாளரின் அசைவை வழிநடத்தும் போபாத் முறையில் முதலில் பயிற்சி எடுப்பதா, வேறு எதிலாவதா என்பது அவருடைய கேள்வி. நான் கிளிநொச்சிப் பக்கம் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்குவதும் என் வேலையில் ஒரு பகுதி. என் பதில்: முறையின் பெயரை இப்போதைக்கு விடுங்கள். ஓர் ஆள் ஒரு வேலையைச் செய்யும்போது எந்த இடத்தில் தடைப்படுகிறார் என்று பார்க்கப் பழகுங்கள்.

கதிரையிலிருந்து எழும்புவதை எடுத்துக்கொள்வோம். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வைக்கிறாரா? உடல் இடுப்பிலிருந்து முன்னுக்குச் சரிகிறதா? கதிரையை விட்டு எழும்பும் நேரம் பாரம் பாதித்த காலிலும் இறங்குகிறதா, மற்றக் கால் மட்டும் தாங்குகிறதா? சிட்னியில் ஜனெட் கார், ரொபேட்டா ஷெப்பர்ட் என்ற இரண்டு இயன்மருத்துவர்கள் 1980களில் எழுதிவைத்த வழி இதுதான். வேலையைப் பிரித்துப் பார், விடுபட்ட பகுதியைப் பழக்கு, பிறகு அதை முழு வேலைக்குள் சேர். புதியவர்கள் தாங்கள் பார்த்ததை எழுதித் தர வேண்டும் என்று நான் சொல்வேன். 'நடை சரியில்லை' என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'பாரம் ஏறும்போது முழங்கால் பின்னுக்குப் போய்ப் பூட்டுகிறது' என்று எழுதினால்தான் நாளைக்கு என்ன செய்வது என்று கதைக்க முடியும்.

அடுத்தது எண்ணிக்கை. வட அமெரிக்காவில் கதரின் லாங் குழுவினர் சிகிச்சை நேரத்தில் கூடவே இருந்து அசைவுகளை எண்ணி, 2009இல் வெளியிட்டார்கள். பாதித்த கையால் ஒரு வேலையை நோக்கிச் செய்த அசைவு ஒரு தடவைச் சிகிச்சையில் சராசரியாக 32 தான். மூளையில் மாற்றத்தைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ அது நூற்றுக்கணக்கில். வசதியுள்ள இடத்திலேயே இவ்வளவுதான் என்றால், துணுக்காயிலிருந்து பஸ் ஏறி எப்போதாவது கிளினிக்குக்கு வருகிறவருக்கு எத்தனை கிடைக்கும்? அதனால் நீங்கள் அருகில் இல்லாத நேரத்துக்கும் பயிற்சியைத் திட்டமிடக் கற்க வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்து அமத்தச் சொல்வது திட்டமில்லை. விரல் மடங்குவது பலருக்கும் முதலில் வந்துவிடும், விரிப்பதுதான் பாடு. பேணியைப் பிடிக்கக் கை திறக்க வேண்டும், வைத்துவிட்டு விடவும் வேண்டும். அதைப் பழக்குங்கள்.

'மகளுக்குக் காட்டிக் கொடுத்தால் காணும்' என்று இங்கே அடிக்கடி கேட்பீர்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளரை வைத்து இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்போடு வீட்டாருக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பிலோ பிறரில் தங்கியிருக்கும் நிலையிலோ வித்தியாசம் வரவில்லை. வீட்டார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போய் வந்து, தனியே தகப்பனைப் பார்க்கும் ஒரு மகளின் தலையில் சிகிச்சையாளரின் வேலையையும் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று நாம் இருக்க முடியாது.

இனி, வன்னிக்கே உரிய ஒன்று. போரில் ஒரு காலை இழந்தவர்களுக்கும் இப்போது வயது ஏறுகிறது, பாரிசவாதமும் வருகிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால், பாரிசவாதம் வலப்பக்கம் என்று ஒருவர் வந்தால், பாடப்புத்தகம் சொல்லும் 'நல்ல கால்' எது? இவருக்கு முதலில் பார்க்க வேண்டியது பொய்க்காலின் உயரமும் பொருத்தமும். படுக்கையில் கிடந்த நாட்களில் எச்சக்கால், அதாவது வெட்டியது போக மீதியுள்ள கால், மெலிந்து, அது உள்ளே போகும் பொய்க்காலின் பழைய குழி தளர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் நிற்கப் பழக்கினால் புண்தான் வரும். இவ்வளவு நாளும் இரண்டு கையாலும் மாட்டிய காலை இனி ஒரு கையால் மாட்ட வேண்டும். அதுவே தனியாகப் பழக்க வேண்டிய ஒரு வேலை. பொய்க்கால் செய்பவரையும் உங்கள் பயிற்சியின் ஓர் ஆசிரியராக நினையுங்கள். உடம்பில் போரில் வெடித்த செல்லின் (எறிகணையின்) துண்டு இருக்கிறதா, பழைய முறிவு இருக்கிறதா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். பலர் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

தோள் விஷயம் சுருக்கமாக: தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கக் கூடாது. கப்பி போட்டுத் தலைக்கு மேலே கையை இழுக்கும் பயிற்சியும் வேண்டாம். வார்ட்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் இதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஆளை அதிகமாக எழுப்பி நடத்த அவசரப்படவும் வேண்டாம். 2015இல் வெளிவந்த, 2,104 பேரைக் கொண்ட ஆய்வில் அப்படிச் செய்தவர்களின் நிலை மூன்று மாதத்தில் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

சரி, போபாத். பயிற்சி கிடைத்தால் போங்கள். கை வைத்து அசைவை உணரும் பழக்கம் வரும். ஆனால் மற்ற முறைகளை விட அது மேலானது என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டவில்லை. அதை எடுக்கும் வரை நோயாளரைத் தொட முடியாது என்று தயங்காதீர்கள்.

வருவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள வயதானவர் ஒருவர் பாயிலிருந்து எழும்புவதையும், குந்தியிருந்து எழும்புவதையும், சாரத்தை அவிழ்த்துக் கட்டுவதையும் அவரைக் கேட்டுக்கொண்டு போனில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்தக் கால் முன்னுக்கு, கை எங்கே ஊன்றுகிறது, தலை எப்போது முன்னுக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த நூல்களில் பெரும்பாலும் கதிரையும் கட்டிலும்தான் இருந்திருக்கும். இங்கே வீட்டுக்குப் போகும்போது அவர்கள் கேட்கப்போவது தரையிலிருந்து எழும்புவதும் கிணற்றடிக்குப் போய் வருவதும்.