ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் பழைய டிபி திரும்ப வருமா?

அப்பாவுக்கு சின்ன வயசுல டிபி வந்து சரியாச்சு, இப்ப ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் (ரத்த அணுக்களை உருவாக்குற மூல செல்லை உடம்புல ஏத்துறது) பண்ணப் போறாங்க, திரும்ப வருமான்னு கேட்டிருக்கீங்க. வரலாம், ஆனா எல்லாருக்கும் ஒரே ரிஸ்க் இல்ல.

டிபி கிருமி சில பேர் உடம்புல சாகாம தூங்கிட்டே இருக்கும், டி செல்லும் மத்த வெள்ளை அணுக்களும் அதைச் சுத்தி வளைச்சு ஒரு குட்டி முடிச்சு மாதிரி கட்டி உள்ளேயே அடைச்சு வச்சிருக்கும், ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி குடுக்குற ஹெவி கீமோ அந்தக் காவலையே காலி பண்ணிடுது, புது செல் வந்து தேற மாசக்கணக்காகும். தன்னோட செல்லையே திருப்பி ஏத்துனா ரிஸ்க் கம்மி. அடுத்தவங்க செல்னா ஜாஸ்தி, அதுலயும் ஜிவிஹெச்டி, அதாவது ஏத்துன அடுத்தவங்க செல் நோயாளி உடம்பையே தாக்குறது, வந்து ஸ்டீராய்டு ஓடுச்சுன்னா இன்னும் ஜாஸ்தி.

அதனால பழைய டிபி கதையை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, அப்ப முழு கோர்ஸ் மாத்திரை எடுத்தாரா இல்லையாங்கிறது ரொம்ப முக்கியம். டிபி கிருமி இருக்கான்னு பாக்குற மான்டூ (தோல்ல ஊசி போட்டுப் பாக்குறது), ரத்த டெஸ்ட் ரெண்டுமே எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்தா கிருமி இருந்தும் நெகட்டிவ் காட்டலாம், அதை மட்டும் நம்பி உக்காராதீங்க. தேவைப்பட்டா தடுப்புக்கு ஐசோநியாசிட்ங்கிற டிபி மாத்திரை குடுப்பாங்க, லிவர் டெஸ்ட் பாத்துக்கிட்டே. ரிஃபாம்பிசின்ங்கிற இன்னொரு டிபி மருந்துல ஒரு சிக்கல், எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கக் குடுக்குற சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளோட அளவை ரத்தத்துல நல்லா இறக்கிடும், அதனால பழைய மாத்திரை வீட்ல இருக்குன்னு தானா எடுத்துக் குடுத்துடாதீங்க. விடாத காய்ச்சல், இருமல், எடை குறையுறதுன்னு இருந்தா டிபியையும் பாக்கச் சொல்லுங்க, ஸ்கேன்ல டிபி பூஞ்சைத் தொற்று மாதிரியே தெரியலாம்.