மகள் நடிகை ஆக வேண்டும் என்கிறாள்: ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருக்கும் ஓர் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கவலை புரிகிறது. மருத்துவம், அது அமையாவிட்டால் சட்டம், அதுவும் இல்லையென்றால் கணக்கியல் என்று வீட்டில் எல்லாம் பேசி வைத்திருந்தபோது, ஹையர் (பள்ளி இறுதித் தேர்வு) படிக்கும் மகள் "எனக்கு நடிப்புப் பள்ளிதான்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. "பிரையன் காக்ஸ் நம்ம டண்டீக்காரர்தானே அப்பா" என்று அவள் வாதாடுவதாகவும், அவரைப் போல் பேர்பெற்ற நடிகர் ஆவது கோடியில் ஒருவருக்குத்தானே நடக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மகள் காட்டிய உதாரணம் நல்லதுதான். ஆனால் அவளும் சரி, நீங்களும் சரி, அந்த வாழ்க்கையின் கடைசிச் சில ஆண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

காக்ஸ் 1946-இல் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் கடைசி. அம்மா சணல் ஆலையில் நூற்பு வேலை செய்தவர். அப்பா இறந்தபோது பையனுக்கு எட்டு வயது. அம்மாவுக்கு மனநலம் குலைந்துபோக, அக்காமார்தான் வளர்த்தார்கள். மீன் வறுக்கும் கடையில் சட்டியில் மிஞ்சிய மாவுத் துணுக்குகளைக் கேட்டு வாங்கித் தின்ற வறுமையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு டண்டீ ரெப் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது கிடைத்தது மேடை துடைக்கும் வேலையும் எடுபிடி வேலையும்தான். அங்கே பெரியவர்கள் ஒத்திகை பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். 1963-இல் லண்டனில் லாம்டா நடிப்புப் பள்ளி, 1965-இல் எடின்பரோவில் ராயல் லைசியம் நாடகக் கம்பெனி, அப்புறம் பர்மிங்ஹாம் ரெப். இப்படியே மேடை மேடையாக நகர்ந்த வாழ்க்கை.

உங்கள் மகளை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 1984-இல் அவருக்கு முதல் ஒலிவியர் விருது, பிரிட்டிஷ் நாடக உலகின் பெரிய விருது அது. 1987-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸாக நடித்து, அதற்கும் ஒலிவியர் விருது வாங்கினார். 1990-இல் நேஷனல் தியேட்டரில் லியர் மன்னன். நாடக உலகில் இதற்கு மேல் ஏற ஓர் உயரம் இல்லை. ஆனால் தெருவில் போகிறவருக்கு அவரைத் தெரியாது. திரையில் மனிதரைத் தின்னும் கொலைகாரன் ஹானிபல் லெக்டர் பாத்திரத்தை முதலில் செய்தவரே அவர்தான், 1986-இல் 'மேன்ஹண்டர்' படத்தில். படம் ஓடவில்லை. ஐந்து ஆண்டு கழித்து அதே பாத்திரத்தில் இன்னொரு படத்தில் அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். வேறொருவராக இருந்தால் அந்தக் கசப்பிலேயே ஊறிப் போயிருப்பார்.

காக்ஸ் செய்தது வேறு. ஐம்பதை நெருங்கும் வயதில் ஹாலிவுட் பக்கம் போனார், அதுவும் கதாநாயகக் கனவோடு அல்ல. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் நிற்கும் குணச்சித்திர நடிகராக. 1995-இல் 'பிரேவ்ஹார்ட்', 'ராப் ராய்' இரண்டிலும் இருந்தார். பிறகு 'பார்ன் ஐடென்டிடி', 'எக்ஸ் மென்' இரண்டாம் பாகம், 'டிராய்' என்று வரிசையாக வேலை. நூரம்பர்க் விசாரணையைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் நாஜித் தலைவர் கோரிங்காக நடித்ததற்கு 2001-இல் எம்மி விருது வந்தது. 'சக்ஸெஷன்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது 2018 ஜூனில், அவருக்கு 72 வயது முடிந்த அதே வாரத்தில். உலகம் முழுக்கத் தெரிந்த முகம் ஆனது அதற்கப்புறம்தான். மேடை துடைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுக்கு மேல்.

ஆகவே "காக்ஸ் மாதிரி ஆக முடியுமா?" என்று நீங்கள் கேட்க வேண்டாம். 'சக்ஸெஷன்' என்ற ஒன்று வராமலே போயிருந்தாலும் அந்த ஐம்பத்தைந்து ஆண்டு அவருக்கு ஒரு முழு வாழ்க்கைதான், சம்பளம் வந்த வாழ்க்கைதான். அப்படி ஒரு வாழ்க்கை உங்கள் மகளுக்குப் பிடிக்குமா? இதை மட்டும் கண்டுபிடியுங்கள். அவளும் அதைக் கண்டுபிடிக்கட்டும்.

காக்ஸ் நுழைந்த கதவு இன்று அதே இடத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று பதினைந்து வயதில் பள்ளியை விடலாம். லாம்டாவுக்கு அரசு மானியத்தில் போனார். தன் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது அந்த வாய்ப்பு இல்லையே என்று அவரே வருந்திப் பேசுவது உண்டு. இன்றைக்கு லண்டன் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் மட்டும் 9,500 பவுண்டுக்கு மேல், வாடகை தனி. ஆனால் நீங்கள் இருப்பது ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவில் ராயல் கன்சர்வட்டோர் என்ற இசை, நாடகக் கல்லூரி இருக்கிறது. டேவிட் டென்னன்ட், ஆலன் கம்மிங், ஜேம்ஸ் மெக்கவோய் எல்லாரும் அங்கே படித்தவர்கள்தான். ஸ்காட்லாந்து மாணவியாக ஏற்கப்பட்டால் முதல் பட்டப்படிப்புக்கான கட்டணத்தை, ஆண்டுக்கு 1,820 பவுண்ட், ஸ்காட்லாந்து அரசின் மாணவர் உதவி அமைப்பான சாஸ் நிறுவனமே கட்டிவிடும். அந்தத் தகுதி உங்கள் விசா நிலையையும் எத்தனை ஆண்டாக இங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

புலம்பெயர்ந்த வீட்டுக்கு இதெல்லாம் சரிப்படுமா என்ற உங்கள் தயக்கத்துக்கு நடிகர் ஷூட்டி காட்வாவைப் பாருங்கள். ருவாண்டாவில் பிறந்தவர். அந்நாட்டு இனப்படுகொலையிலிருந்து தப்பி வந்த குடும்பம், ஸ்காட்லாந்தில் வளர்ந்தார். கன்சர்வட்டோரில் பட்டம் வாங்கியதும் அவர் போனது உங்கள் ஊர் டண்டீ ரெப்புக்குத்தான். பிறகு லண்டன் போய், வாடகை கொடுக்க முடியாமல் நண்பர்கள் வீட்டுச் சோபாவில் மாதக்கணக்கில் படுத்திருக்கிறார். 2019-இல் ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடர் அவரை உயர்த்தியது, அப்புறம் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர். மகளுக்கு அந்த 'டாக்டர் ஹூ' தெரியும். சோபாவையும் தெரிந்துகொள்ளட்டும். உங்களுக்கு நான் சொல்வது: அப்படி ஒரு காலம் வந்தால் அவளுக்கு ஒரு அறை கொடுக்க உங்களால் முடியும். நடிப்புத் துறையில் அது சாதாரண முதலீடு இல்லை. பலர் இதை விட்டுப் போவது திறமை தீர்ந்ததால் அல்ல, வாடகை கட்ட முடியாததால்.

சரி, இப்போது என்ன செய்வது? டண்டீ ரெப் உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கிறது. இளைஞர் நாடகக் குழுவில் சேரட்டும். நடிக்க மட்டும் வேண்டாம். ஒரு தயாரிப்பில் மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கட்டும், ஒளி, உடை, சாமான் தூக்குவது எதுவானாலும். தனக்கு வசனமே இல்லாத நாடகத்தின் ஒத்திகைக்கு மழையிலும் போய் நிற்கிறாளா என்று பாருங்கள். கைதட்டல் மட்டும் பிடித்த பிள்ளைக்கு அது மூன்று வாரத்தில் அலுத்துவிடும். அலுக்காவிட்டால் விஷயம் வேறு.

"முதலில் ஒரு நல்ல டிகிரி, அப்புறம் நடிப்பு" என்ற யோசனையை நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை. பிடிக்காத படிப்பில் சுமாரான மதிப்பெண் வாங்கி இரண்டும் கெட்டானாக நிற்கும் பிள்ளைகள்தான் அதில் அதிகம். கன்சர்வட்டோர் பட்டமும் பட்டம்தான். இங்கே நாடகம் பள்ளிப் பாடமாக இருப்பதால் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். நாடகச் சிகிச்சை என்று பதிவு பெற்ற மருத்துவத் துணைத் துறையே உண்டு. மருத்துவராக உங்களுக்கு அது தெரிந்திருக்கலாம். முதல் ஆண்டு விண்ணப்பித்துத் தேர்வாகாமல் போனால் (பெரும்பாலோர் தேர்வாவதில்லை) ஏதாவது கல்லூரியில் ஓராண்டு ஹெச்.என்.சி. என்ற நடிப்புச் சான்றிதழ்ப் படிப்பு படித்துவிட்டு மறுபடி முயலலாம். பதினேழு வயதில் மறுக்கப்பட்டு பத்தொன்பதில் சேர்வது இந்தத் துறையில் வழக்கமான சங்கதி.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு பதிவுக் கட்டணம் கேட்கிறவர்கள் வருவார்கள். கிடைத்த வேலையின் சம்பளத்தில் பங்கு எடுப்பவர்தான் ஏஜென்ட். முன்பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். ஈக்விட்டி நடிகர் சங்கத்தில் மாணவர் உறுப்பினர் வசதி உண்டு, படிப்பில் சேர்ந்ததும் அதில் சேரச் சொல்லுங்கள்.

நடிப்புப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பொதுவாக ஷேக்ஸ்பியரில் ஒன்று, இக்கால நாடகத்தில் ஒன்று என்று தனிமொழிகள் கேட்பார்கள். அவள் லேடி மக்பெத் தயாரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றச் சொல்லுங்கள். பதினேழு வயதுப் பெண் பேசினால் நம்பக்கூடிய பாத்திரமாக, வயலாவோ ஜூலியட்டோ, ஒன்றை எடுக்கட்டும். பேச்சில் இருக்கும் டண்டீ வாடையை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு தனிமொழியையும் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்