எந்தச் சட்டி?

கேள்வி: சென்னையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமியார் 'சீனச்சட்டி' என்றால் வாணலி, வெறும் 'சட்டி' என்றால் மண்சட்டி. கொத்தனார் 'நாலு சட்டி மணல்' என்கிறார். எதுதான் சட்டி?

பதில்: எல்லாமேதான். வாய் அகன்று, கழுத்தில்லாமல், உயரம் குறைந்திருந்தால் சட்டி. வயிறு பருத்து வாய் ஒடுங்கினால் பானை. மண்ணோ இரும்போ பிளாஸ்டிக்கோ, பூச்சட்டி, தீச்சட்டி, சாந்துச்சட்டி எல்லாம் ஒரே குடும்பம். வாணலிக்கு மலையாளத்திலும் சீனச்சட்டிதான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊரில் அது புழங்குவதில் வியப்பென்ன? எல்லை தாண்டினால் குழப்புவது 'கலம்'. கேரளத்துப் பாறசாலையில் அது சோற்றுப்பானை. நம் பழைய நெல் கணக்கில் 12 மரக்கால்.

கொத்தனாரின் சட்டி ஓர் அளவை. சிமென்டுக்கும் மணலுக்கும் ஒரே சட்டி, ஒரே மட்டம் வேண்டும். சிமென்டைத் தலைதட்டியும் மணலைக் குவித்தும் அள்ளினால் 1:4 கலவை 1:5 பக்கம் போய்விடும்.

கேள்வி: புது மீன்சட்டி முதல் நாளே அடுப்பில் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

பதில்: பழக்காமல் ஏற்றியிருப்பீர்கள். வாங்கும்போதே விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் எடுக்கலாம், 'டொக்'கென்றால் உள்ளே விரிசல். வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து நிழலில் உலர்த்துங்கள். முக்கால் சட்டி கஞ்சித்தண்ணீர் ஊற்றி, சிறுதீயில் 20 நிமிடம் கொதிக்க விட்டு, அதிலேயே ஆற விடுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் கஞ்சிப் பசை மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். கடைசியாகத் தேங்காயெண்ணெய் தடவி லேசாகச் சூடுகாட்டுங்கள்.

அடி சூடேறி விரியும்போது விளிம்பு குளிர்ந்தே இருந்தால் சட்டி தாங்காது. கேஸ் அடுப்பில் தீ நடுவிலேயே குவிவதால் இந்தச் சிக்கல் அதிகம். ஈரச் சட்டியை நேரே பெருந்தீயில் ஏற்றாதீர்கள், கொதிக்கும் குழம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள். இறக்கியதும் ஈரத்தரையில் வைக்காமல் பிரிமணையில் (வைக்கோல் வளையத்தில்) வையுங்கள். சோப்பு கூடவே கூடாது! துளைகளில் ஏறி அடுத்த குழம்பில் வாடையடிக்கும். சாம்பலும் தேங்காய்நாரும் போதும்.

கேள்வி: 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது சஷ்டி விரதத்தைச் சொல்வதாமே?

பதில்: 'சட்டி'யில் சஷ்டியையும் 'அகப்பை'யில் கருப்பையையும் ஏற்றுவது பிறகு வந்த சிலேடை; கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அகப்பை என்பது சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய கரண்டி. குழம்பு காலியானால் அது வெறுமனே சட்டியைச் சுரண்டும், அவ்வளவுதான்.