சும்மா கிடக்கிற இடமா அது?

கேள்வி: எங்கள் சின்ன ஊரில் பூங்கா என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதன் ஒரு மூலையில் நூலகம் கட்டப்போகிறார்களாம். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் படிப்புக்கு எதிரி என்று பேர் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சங்கடம்தான். சாராயக்கடை வருகிறது என்றால் ஊரே திரண்டு நின்று தடுத்துவிடும். நூலகம், சமுதாயக் கூடம், தண்ணீர்த் தொட்டி என்று வரும்போது யாருக்கும் வாய் எழும்பாது. பூங்காக்கள் கரைவது பெரும்பாலும் இந்த மாதிரி நல்ல காரியங்களால்தான். முதலில் தண்ணீர்த் தொட்டி வரும், தொட்டிக்கு ஒரு மோட்டார் அறை, மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு கொட்டகை, அப்புறம் கொட்டகையை ஒட்டிக் குப்பை வண்டி நிறுத்த ஒரு இடம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதை.

பெங்களூரு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த மனையை, மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1991-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். எதிரே நின்றது மருத்துவமனை, நூலகத்தை விடவும் வாயடைக்கிற காரியம்! அதற்கும் பூங்கா இடத்தைத் தர முடியாது என்றாகிவிட்டது.

அவர்களைக் காப்பாற்றியது, பூங்கா என்று குறித்திருந்த அந்தத் திட்டக் காகிதம். அதனால் முதல் வேலையாக, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த இடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருக்கிறதா, வெறும் காலியிடமா, அல்லது வரைபடத்திலேயே இல்லாமல் இத்தனை வருஷமும் பழக்கத்தில் மட்டும் பூங்காவாக இருந்து வருகிறதா? கடைசி வகை என்றால் அவசரம், உடனே பதிவேட்டில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். ஊர்க் கூட்டத்துக்குப் போகும்போது நூலகத்துக்கு வேறு இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பூட்டிக் கிடக்கிற பழைய அரசுக் கட்டடம் ஒன்றாவது இல்லாத ஊர் அபூர்வம். படிப்புக்கு எதிரி என்கிற பேச்சு அதோடு அடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் பூங்காவைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கிறார்கள். திறந்தே வைத்தால் வேண்டாத ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். சரிதானே?

பதில்: சரியில்லை. வேண்டிய ஆட்கள் வராத இடத்தில்தான் வேண்டாத ஆட்கள் நிம்மதியாக உட்காருவார்கள். நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று. ஒரு காலத்தில் போதைப்பொருள் விற்பவர்களின் கூடாரமாகவே இருந்தது. தெரு மட்டத்தை விட உயரமான இடம், சுற்றிலும் வேலி, அடர்த்தியான செடிப் புதர், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரியாது. வில்லியம் வைட் என்பவருக்கு, பொது இடங்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று வருஷக்கணக்கில் படம் பிடித்துப் பார்ப்பதே வேலை. அவர் சொன்ன யோசனைப்படி புதர்களை எடுத்து, நுழைவாயில்களை அகலமாக்கி, எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரலாம் என்று தனித்தனி நாற்காலிகள் வைத்தார்கள். 1992-இல் மறுபடி திறந்தபோது கூட்டம் வந்தது. கூட்டத்தின் நடுவே பொட்டலம் விற்பது கஷ்டம். உங்கள் ஊரில் பூட்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் வாசலில் நின்று, உள்ளே கடைசி பெஞ்சு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கத்தரிக்கோலோடு ஆரம்பியுங்கள்.

கேள்வி: பூங்காவுக்கு நிலம் வாங்க ஒரு சின்ன ஊராட்சியிடம் பணம் ஏது?

பதில்: இங்கிலாந்தில் பிர்கன்ஹெட் என்ற ஊர் இதற்கு ஒரு வழி கண்டது. தேவைக்கு மேலேயே சதுப்பு நிலத்தை வாங்கி, நடுவில் பூங்கா அமைத்து, ஓரத்து மனைகளை வீடு கட்ட விற்றுச் செலவை ஈடுகட்டினார்கள். வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், ஏரி தோண்டிய மண்ணையே மேடாகக் குவித்துவிட்டார். 1847-இல் திறந்தது. மூன்று வருஷம் கழித்து அதைப் பார்த்துவிட்டுப் போன ஓம்ஸ்டெட்தான் பின்னால் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர்.

கேள்வி: மரத்தைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டினால் உட்கார வசதிதானே?

பதில்: உட்காருகிறவர்களுக்கு வசதி, மரத்துக்கு இல்லை. தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே, கிளை விரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். சிமென்டும் பேவர் பிளாக்கும் போட்டு மூடினால் மழைநீர் வேருக்குப் போகாது, காற்றும் போகாது. மரம் உடனே சாகாது. நாலைந்து வருஷம் கழித்து உச்சிக் கிளை காயும்போது மேடை கட்டியது யாருக்கும் நினைவிருக்காது. மண்ணை விட்டுவிட்டு, தள்ளி ஒரு பெஞ்சு போடுங்கள்.

கேள்வி: 'புல்லை மிதிக்காதீர்' பலகை தேவையா?

பதில்: எதற்கு? குறுக்கே நடந்து நடந்து மண் தெரிகிற கோடு விழுந்திருக்கிறதா, அந்தக் கோட்டின் மேலேயே பாதை போட்டுவிடுங்கள்.