கேள்வி–பதில்: விளையாட்டுக் கன்சோலின் பூட்டும் சாவியும்

கேள்வி: விளையாட்டுக் கன்சோலில் ‘ஹோம்ப்ரூ’ மென்பொருளை ஓடவிடுவதும் கள்ள விளையாட்டுகளை ஏற்றுவதும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: ஒன்றல்ல. ஆனால் உங்கள் நண்பர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது விளங்குகிறது. கன்சோலைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமம் பெறாமல், ஆர்வலர் ஒருவர் தாமே எழுதி அதில் ஓடவிடும் மென்பொருளுக்குத்தான் ஹோம்ப்ரூ என்று பெயர். அது புதிய விளையாட்டாக இருக்கலாம். பாட்டும் படமும் இயக்கும் செயலியாக இருக்கலாம். வேறொரு பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டராகவும் இருக்கலாம். எழுதியவரே பெரும்பாலும் அதை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். கள்ளப் பிரதி என்பதோ, பிறர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி விற்கும் விளையாட்டைக் காசு கொடுக்காமல் நகலெடுத்து ஆடுவது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், கன்சோலுக்கு இருப்பது ஒரே பூட்டு. நிறுவனம் தன் ஒப்புதலுக்கு அடையாளமாகப் பதிக்கும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் ஓடவிடாதே என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. வாசலில் நிற்பவர் தாம் எழுதிய கவிதையைக் கையில் வைத்திருக்கிறாரா, அடுத்தவர் புத்தகத்தின் நகலை வைத்திருக்கிறாரா என்று பிரித்தறிய அந்தப் பூட்டுக்குத் தெரியாது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கியது நான். நான் எழுதிய நிரலை அதில் ஓட்ட ஏன் தடை? கணினிக்கு இப்படி ஒரு பூட்டு இல்லையே?

பதில்: தொடக்கத்தில் கன்சோலுக்கும் இல்லை. அடாரி 2600 கருவிக்கு யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு பதிந்த செருகுபெட்டி, செய்து விற்கலாம் என்ற நிலை இருந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்ததும் 1983இல் அமெரிக்காவின் விளையாட்டுச் சந்தை சரிந்ததற்கு ஒரு காரணம். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமிலும் பூட்டுச் சில்லு கிடையாது. 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தபோதுதான் 10என்இஎஸ் என்ற சில்லு சேர்ந்தது. கன்சோலுக்குள் ஒன்று, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒன்று என இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பேச்சு பொருந்தாவிட்டால் கன்சோல் விநாடிக்கு ஒரு முறை தன்னைத் தானே மீளத் தொடங்கிக்கொள்ளும். அந்தக் கருவியை வைத்திருந்தவர்களுக்குக் கண் சிமிட்டும் அதன் சிவப்பு விளக்கு நினைவிருக்கும். உண்மையான கார்ட்ரிட்ஜிலும் தொடர்புமுனை அழுக்கானால் அதே தொல்லைதான்.

ஆக, அந்தப் பூட்டு நகலெடுப்பவரைத் தடுக்க மட்டும் வந்ததன்று. யார் விளையாட்டு வெளியிடலாம், ஆண்டுக்கு எத்தனை வெளியிடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதில் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 5 விளையாட்டுகள் என்று நின்டெண்டோ வரம்பு வைத்தது. கருவியைக் குறைந்த லாபத்துக்கோ நட்டத்துக்கோ விற்று, பின்னர் ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையிலும் பங்கு வாங்கி ஈடுகட்டும் வணிகமுறை கன்சோல் உலகில் பரவலானது. உரிமம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிரலும், அது எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அந்தக் கணக்கில் ஓர் ஓட்டைதான்.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனங்கள் போடும் பூட்டை எப்படித்தான் உடைக்கிறார்கள்?

பதில்: ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு விதமாக உடைந்தது; பெரும்பாலும் பூட்டியவரின் கவனக்குறைவால்தான். சோனியின் முதல் பிளேஸ்டேஷனின் குறுந்தகட்டில், ஒளிக்கதிர் தொடரும் தடத்தின் தொடக்கப் பகுதியில் நுண்ணிய நெளிவு ஒன்றை வைத்து, அதில் 4 எழுத்துகளை ஒளித்திருந்தார்கள். வீட்டுக் கணினியின் தகடு எழுதும் கருவியால் அந்த நெளிவை உண்டாக்க முடியாது. ஆகவே தகட்டை நகலெடுக்க முயலாமல், அந்த 4 எழுத்துகளைத் தானே கன்சோலின் காதில் ஓதிவிடும் ‘மாட்சிப்’ என்ற சிறு சில்லைச் செய்துவிட்டார்கள். கள்ளத் தகட்டை ஓட்டியதோடு, வேறு நாட்டில் முறைப்படி வாங்கிய தகட்டையும் அதே சில்லு ஓட்டியது.

1998இல் ஜப்பானில் வெளிவந்த சேகாவின் டிரீம்காஸ்ட் இதைவிட வேடிக்கை. ஏறக்குறைய 1 ஜிபி கொள்ளும் ஜிடி-ராம் என்ற தனித் தகட்டை அது பயன்படுத்தியது. அதை வீட்டில் எழுத இயலாது. ஆனால் இசைத்தகட்டோடு படங்களையும் சேர்த்துத் தருவதற்காக மில்-சிடி என்ற வசதியை வைத்து, சாதாரணக் குறுந்தகட்டிலிருந்தும் கன்சோல் தொடங்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். முன்வாசலில் எஃகுக் கதவை மாட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். 2000ஆம் ஆண்டில் கள்ளப் பிரதிகள் அந்த வழியாக நுழைந்தன. 2001இல் சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. கள்ளப் பிரதிதான் டிரீம்காஸ்டைக் கொன்றது என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய கன்சோல்களில் சேகா பட்ட நட்டமும், 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2இன் வேகமும் அதைவிடப் பெரிய காரணங்கள். சேகா வெளியேறிய பின்னும் அதே ஓட்டை வழியாகச் சிறு குழுக்கள் டிரீம்காஸ்டுக்குப் புதிய விளையாட்டுகளைச் சாதாரணத் தகட்டில் வெளியிட்டு வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2001இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸில் ரகசியச் சாவி ஒன்று, இரு சில்லுகளுக்கு இடையே ஓடும் அதிவேகத் தடத்தில் மறைப்பில்லாமல் பயணித்தது. அவ்வளவு வேகமான தடத்தை எவர் ஒட்டுக் கேட்கப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள் போலும். அப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் ஒட்டுக் கேட்டார்.

நின்டெண்டோ ஸ்விட்சில் 2018இல் வெளியான ஓட்டை இன்னும் அடிப்படையானது. கன்சோல் விழித்தவுடன் முதலில் ஓடும் நிரல், சில்லுக்குள்ளேயே அழிக்கவியலாதபடி பதிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பூட்ரோம் என்று பெயர். யுஎஸ்பி வழியாக வரும் ஒரு கோரிக்கையின் நீளத்தை அந்த நிரல் சரிபார்க்கத் தவறியது. பதித்ததைத் திருத்த வழியில்லாததால், ஏற்கெனவே விற்ற லட்சக்கணக்கான கருவிகளை எந்த அப்டேட்டாலும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் தயாரித்தவற்றில்தான் அது சரிசெய்யப்பட்டது.

கேள்வி: ‘ஹோம்ப்ரூ’ என்பதே திருட்டுக்குப் போட்ட முக்காடு என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டை உடைப்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் நிரல் எழுதுகிறார்கள்?

பதில்: உடைத்த பூட்டைப் பயன்படுத்துவோரில் மிகப் பெரும்பாலோர் நிரல் எழுதுவதில்லை, அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் பூட்டை முதலில் உடைப்பவர்களையும் அதை வைத்து ஆதாயம் தேடுபவர்களையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பதும் தவறு. பிளேஸ்டேஷன் 3இன் கதை இதற்குச் சரியான சான்று. 2006இல் வந்தபோது அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள சோனியே வழி வைத்திருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஏறத்தாழ 1,700 பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்து ஒரு மீக்கணினியே அமைத்தது. பின்னர், லினக்ஸ் வழியாகக் கன்சோலின் காவலுக்குள் நுழைய முடியும் என்று ஒருவர் காட்டியதும், 2010 ஏப்ரலில் ஓர் அப்டேட் மூலம் சோனி அந்த வசதியையே நீக்கிவிட்டது. விற்ற பொருளிலிருந்து ஓர் உறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது போன்ற அந்தச் செயல், அதுவரை கன்சோலைச் சீண்டாத திறமைசாலிகளைத் தூண்டிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழுவினர் சோனியின் கையொப்ப முறையில் இருந்த பிழையை விளக்கினார்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஊகிக்க முடியாத புதிய எண் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. சோனி எப்போதும் ஒரே எண்ணையே பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையொப்பங்களை அருகருகே வைத்துப் பள்ளி இயற்கணிதம் போலத் தீர்த்தாலே ரகசியச் சாவி கிடைத்துவிடும். தங்கள் நோக்கம் லினக்ஸை மீட்பதே என்றார்கள். மற்றக் கன்சோல்களைவிட பிளேஸ்டேஷன் 3 நீண்ட காலம் உடைபடாமல் இருந்ததற்குக் காரணமே அந்தத் திறந்த வாசல்தான் என்றும் வாதிட்டார்கள். என் கருத்தும் ஏறக்குறைய அதுவே. ஆனாலும் அவர்கள் காட்டிய வழியில் கள்ளப் பிரதிக்காரர்கள் சில வாரங்களிலேயே நுழைந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் வேறு பாடம் கற்றது. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் எவரும் பதிவுசெய்துகொண்டு தம் நிரலைத் தாமே ஓட்டிப் பார்க்கும் ‘டெவலப்பர் மோடு’ வசதியை அது திறந்துவிட்டது. விளையாட்டுகளுக்கான பூட்டு தனியாக, ஆர்வலருக்கான வாசல் தனியாக. திறமையுள்ளவர் சுவரேற வேண்டிய தேவை குறைந்தது. பல ஆண்டுகள் அந்தக் கன்சோலில் கள்ளப் பிரதி தலைதூக்கவில்லை. அதன் காவல் அமைப்பும் வலுவானது என்பதால், புகழ் முழுவதையும் வாசலுக்கே கொடுத்துவிட மாட்டேன்.

ஹோம்ப்ரூ உலகமும் மாசற்றதன்று. இன்று உலகெங்கும் பயன்படும் ‘கோடி’ என்ற ஊடகச் செயலி, எக்ஸ்பாக்ஸுக்காக ஆர்வலர்கள் 2002இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. ஆனால் அக்காலத்தில் அதைக் கன்சோலில் ஓடும் வடிவமாக மாற்ற மைக்ரோசாஃப்டின் உரிமம் பெற்ற கருவித்தொகுப்பு தேவைப்பட்டது. ஆகவே உருவாக்கியவர்கள் மூல நிரலை மட்டும் வெளியிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஓடத் தயாரான வடிவம் மறைவாகப் பரவியது.

கேள்வி: என்னிடம் அசல் தகடு இருக்கிறது. அதே விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் தவறா?

பதில்: தகடு உங்களுடையது, விளையாட்டின் பதிப்புரிமை உங்களுடையதன்று. உங்கள் தகட்டிலிருந்து நீங்களே காப்புப் பிரதி எடுப்பதைச் சில நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. முன்பின் தெரியாதவர் வலையேற்றியதை இறக்குவது அந்தச் சலுகைக்குள் பொதுவாக வராது. பூட்டை உடைப்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், நகலெடுக்காவிட்டாலும் பூட்டை மீறுவதையே குற்றமாக்குகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 2005இல் பிளேஸ்டேஷன் மாட்சிப் வழக்கில் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு அங்கே சட்டமே கடுமையாக்கப்பட்டது. எமுலேட்டரை எழுதுவது மட்டும் குற்றமாகாது என்ற கருத்து நெடுநாளாக வலுவாக இருந்தாலும், ஸ்விட்ச் எமுலேட்டரான யுசுவை உருவாக்கியவர்கள் 2024இல் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டுத் திட்டத்தை மூடினார்கள். அது சமரசம், நீதிமன்றம் ஆராய்ந்து சொன்ன முடிவன்று.

கேள்வி: விற்பனையிலேயே இல்லாத பழைய விளையாட்டை நகலெடுப்பதில் யாருக்கு நட்டம்?

பதில்: பல நேரங்களில் யாருக்கும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், சட்டம் அப்படி நினைப்பதில்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது முறையான விற்பனையில் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் இணையக் கடைகள் மூடப்பட்டபோது, தகடாகவோ கார்ட்ரிட்ஜாகவோ வராத விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் வழியே அடைபட்டுப்போனது. ஆனால் இந்த வாதத்தை உரக்கச் சொல்கிறவர்களில் சிலர் நேற்று வெளியான விளையாட்டையும் ‘பாதுகாக்க’ இறக்குவதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது.

கேள்வி: 14 வயது மகன் தன் கன்சோலைத் திறந்து ஹோம்ப்ரூ ஏற்றட்டுமா என்று கேட்கிறான். அனுமதிக்கலாமா?

பதில்: எதற்காக என்று முதலில் அவனிடமே கேளுங்கள். நிரல் எழுத ஆசை என்றால், கன்சோலைத் தொடாமலேயே தொடங்கலாம். கேம் பாய், என்இஎஸ் போன்ற பழைய கருவிகளுக்கு எழுத இலவசக் கருவிகள் ஏராளம். எழுதியதைக் கணினியிலேயே எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். 2019இல் என்இஎஸுக்காகப் புதிதாக வந்த ‘மைக்ரோ மேஜஸ்’ என்ற விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்று அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த நெருக்கடிக்குள் எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி.

சொந்தக் கன்சோலில்தான் செய்வேன் என்றால், இணையத்தில் நண்பர்களோடு ஆடும் கருவியை விட்டுவிட்டு, யாரும் பயன்படுத்தாத பழைய கருவி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். மாற்றப்பட்ட கன்சோலைக் கண்டுகொண்டால் நிறுவனம் தன் இணையச் சேவையிலிருந்து அதை நிரந்தரமாக விலக்கிவிடக்கூடும். பாதியில் மின்சாரம் நின்றாலோ தவறான கோப்பை எழுதினாலோ கன்சோல் எழுந்திருக்காமலே போகலாம். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் அதன் நினைவகத்தை முழுமையாகக் காப்புப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். பணம் கேட்கும் எந்த ஹோம்ப்ரூ நிறுவியையும் வாங்க வேண்டாம்; நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான இலவச நிறுவியை எழுதியவர்கள், இதற்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டீர்கள் என்ற எச்சரிக்கையை அதன் முதல் திரையிலேயே காட்டினார்கள். விளையாட்டுகளை முன்கூட்டியே நிரப்பித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவர் விற்பது ஹோம்ப்ரூ அன்று.