நெல்சனின் கப்பலில் அப்பா அம்மா

கேள்வி: ஜூனில் ஸ்டாக்ஹோம் போகிறோம். பழைய நகரமான கம்லா ஸ்டானில், கப்பல் அலங்காரத்துக்குப் பேர்போன லார்ட் நெல்சன் ஹோட்டலில் வயதான பெற்றோருடன் தங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகத் தங்கலாம். ஆனால் கட்டடமே ஒடுக்கம். சின்ன அறைகள் நிஜமாகவே கப்பல் கேபின் மாதிரிதான். பெரிய பெட்டியை விரித்துவைக்க இடம் தேடணும். ஆளுக்கொரு சின்னப் பெட்டி போதும். அதுவும் சக்கரம் பெரிதாக இருக்கட்டும்: குட்டிச் சக்கரம் கருங்கல் பாவிய சந்துகளில் கல்லிடுக்கில் மாட்டி உடையும்.

விமான நிலைய ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், பிறகு நடைதான். ஹோட்டல் இருக்கும் வெஸ்டர்லாங்கத்தான் கடைத்தெரு, கூட்டம் அதிகம். தெருப்பக்கம் வேண்டாம், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம், கண்பட்டி அவசியம். 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட வாசா என்ற ஸ்வீடன் போர்க்கப்பலையும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அப்பாவுக்குக் காட்டிவிடுங்கள்.